ஆடாத கைக்குள் ஓர் ஆட்டம்

எங்கள் சந்தில் சவரம் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராயபுரத்தில் துறைமுகத்து மதிலை ஒட்டிப் போகிற சந்து அது. ஒரு பக்கம் முழுக்கச் சலூன்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி போகும் தண்டவாளம். வண்டி வந்தால் கண்ணாடி கிடுகிடுக்கும், நாற்காலி குலுங்கும், கிண்ணித் தண்ணீர் தளும்பும். அந்த நேரத்தில் ஒருவன் தொண்டையில் கத்தி இருந்தால் என்ன கதி? அதனால் வண்டிச் சத்தம் கேட்டதும் சந்து முழுக்க எல்லாக் கத்தியும் மேலே போய்விடும். உட்கார்ந்திருப்பவன் பாதி முகம் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பான். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். அந்தச் சந்தில் பிழைக்கிறவனுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி தானாக வரும்.

என் கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு, மற்றது என் மனைவியின் தம்பிக்கு. சுதந்திரம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒரு நாள் காலை என் நாற்காலியில் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாடைக்குக் கீழே கத்தி போய்க்கொண்டிருக்கும்போது தரை அதிர ஆரம்பித்தது. வழக்கம் போலக் கத்தியைத் தூக்கிவிட்டேன். தூக்கினவன் தூக்கினபடியே நிற்கிறேன், வண்டி போய்த் தொலையவே இல்லை.

விஞ்சுக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னா நைனா, தூக்கினு நிக்கிற?"

"வண்டி போவுதுல்ல? கம்முனு குந்து."

"இன்னா வண்டி? எங்க போவுது? காதுல பஞ்சு வச்சினு கீறது நானா நீயா?"

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். என் மச்சான் கத்தி சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. சுவர்க் கண்ணாடி அசையவில்லை. கிண்ணியில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. ஆனால் எனக்குள் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலது தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரு ஓட்டம், நெஞ்சுக்குள் ஒரு ஓட்டம். கையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கை ஒரு இம்மி ஆடவில்லை.

அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பிறகு அது அடிக்கடி நடந்தது. வராத வண்டிக்கு நான் கத்தியைத் தூக்குவதும், வாடிக்கைக்காரர்கள் "நைனாவுக்கு மட்டும் தனி வண்டி உட்டுகீறாங்கப்பா" என்று கேலி செய்வதும் கடையில் ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் பிறவியிலேயே கோபக்காரன். தப்பு என் உடம்பில் இருக்கும் என்று அப்போது எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. எந்த மெஷினோ எங்கேயோ ஓடுகிறது, இந்தச் செவிட்டுப் பயல்களுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கடைக்குப் பின்புறம் ஒரு மாவு மில். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அங்கே போய் நின்று கத்தினேன்.

"யோவ், மிஷின நிறுத்துய்யா! என் கடையே ஆடுது, எவன் கழுத்தாவது போனா நீயா ஜவாபு சொல்லுவ?"

மில்காரர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக ஒரு முறை துப்பிவிட்டு வந்தார்.

"காலைலேர்ந்து கரண்டே இல்ல. பெல்ட்டு சுத்துதா, கண்ணத் தொறந்து பாரு. இன்னா, காலங்காத்தாலயே ஊத்திகினியா?"

பெல்ட்டு சுற்றவில்லை. என் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவனில்லை நான். கடைக்குத் திரும்பி வந்தேன்.

அதன் பிறகுதான் பயம் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தால், அதுவரை சும்மா இருந்தது கூடத் தொடங்கும். சோறு கொதிக்கும்போது பானை மூடி படபடக்குமே, அப்படி உள்ளே. வலது தொடையில், வயிற்றில், சில நாள் தாடையில் கூட. மச்சானைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அவன் பயந்துகொண்டே பிடித்தான். "கல்லு மாதிரி கீது மாமா, ஒண்ணும் இல்ல" என்றான். அவன் நல்லதைத்தான் சொன்னான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

இதற்கு முன்பே வேறு சில கூத்துகளும் நடந்திருந்தன. பக்கத்து மீனவர் குப்பத்தில் கருவாடு காயும்போது ஊரே மூக்கைப் பிடிக்கும், எனக்கு மட்டும் வாசனையே வராது. சட்டைப் பொத்தான் போட நேரம் பிடிக்கும். வேடிக்கைப் பேச்சுக்குச் சிரித்தாலும் நான் சிரிக்கவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் குறைப்படுவார்கள். "நைனா மூஞ்சிய இஸ்திரி போட்டு வச்சிகீறாரு" என்பார் விஞ்சுக்காரர். இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவு போதவில்லை.

இத்தனைக்கும் நாங்கள் வைத்தியம் தெரிந்த சாதி. எங்கள் வீட்டில் கத்திப் பை எங்கே தொங்குமோ அங்கேயே மருந்துப் பையும் தொங்கும். ஆண்கள் சவரம் செய்வோம், கட்டி அறுப்போம். பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். நடுக்குவாதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கை ஆடும், தலை ஆடும், டம்ளரைக் கொடுத்தால் பாதித் தண்ணீர் கீழே போகும். அப்படிப்பட்டவர்களுக்கு நானே எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். ஆடாத கைக்கு நடுக்குவாதம் என்று எந்த மடையன் பெயர் வைப்பான்? வைத்தியம் தெரிந்திருந்ததுதான் என் கண்ணை மறைத்தது. தெரியாதவனாக இருந்திருந்தால் யாரிடமாவது போய்க் கேட்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் சவரக் கிண்ணி நிறையத் தண்ணீர் ஊற்றி, மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன். உள்ளே இத்தனை ஆட்டம் ஆடுகிறதே, தண்ணீரிலாவது ஒரு நெளிவு தெரியட்டும் என்று பார்த்தேன். மூச்சுக்கு ஏறி இறங்கியதைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது என் மனைவி உள்ளே வந்தாள். அவள்தான் எங்கள் பகுதிக்கும் குப்பத்துக்கும் மருத்துவச்சி. ஒரு பிரசவம் பார்த்துவிட்டுக் களைத்து வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா இது கூத்து? நெஞ்சு மேல தண்ணி வச்சினு?"

அதுவரை அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். வராத வண்டி, மாவு மில், மச்சான் பிடித்துப் பார்த்த கை, எல்லாம். அவள் கிண்ணியை எடுத்துக் கீழே வைத்தாள். என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு தோளில், பிறகு முழங்கையில், பிறகு விரல்களில். கர்ப்பிணி வயிற்றைப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெர்ல" என்றாள்.

"அதான! நீயும் சொல்லிடு, பைத்தியம்னு!"

"கத்தாத. முயுசா கேளு." அவள் கையை எடுக்கவில்லை. "பொண்ணுங்க வந்து, அக்கா உள்ள லேசா அசையுதுன்னு சொல்லும். கைய வச்சா எனக்கு ஒண்ணும் தெரியாது. என் கைக்கு எட்டுறதுக்கு இன்னும் நாளு கீது. அதுக்காவ நீ பொய் சொல்றன்னு அதுங்கள துரத்தியா உடுறேன்? உள்ள நடக்கறது உள்ளாற கீறவங்களுக்குத்தான மொதல்ல தெரியும்? நீ ஆடுதுன்னு சொல்ற. அப்ப ஆடுது. எய்ந்திரு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நான் அழுதுவிட்டேன். ஆண்பிள்ளை அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அத்தனை மாதத்தில் ஒரு ஆள்கூட என்னிடம் "ஆமாம்" என்று சொன்னதில்லை, முதலில் சொன்னவள் அவள்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. என்னை வராந்தாவில் நடந்து காட்டச் சொன்னார். திரும்பி வந்ததும் "இடது கையை வீசி நடக்கிறீங்க, வலது கை ஏன் உடம்போட ஒட்டிக்கிட்டு வருது?" என்று கேட்டார். அதை நானும் கவனித்ததில்லை, கூடவே நடந்து வந்த என் மனைவியும் கவனித்ததில்லை. கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதச் சொன்னார். முதல் வரி ஒழுங்காக இருந்தது; போகப் போக எழுத்து எறும்பாகிவிட்டது.

"பார்க்கின்சன்னு ஒரு வியாதி. நீங்க நடுக்குவாதம்னு சொல்வீங்களே, அதுதான்" என்றார்.

"கை ஆடலியே டாக்டர்!"

"எங்க புத்தகத்துலயும் வெளியில ஆடறதைப் பத்திதான் பக்கம் பக்கமா இருக்கு. ஆனா உங்களுக்கு முன்னால வந்தவங்களும் உள்ள நடுங்குது, உள்ள நடுங்குதுன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டாங்க. நான் நம்பறேன்."

வியாதி இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவன் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பைத்தியமில்லை, குடிகாரனில்லை, பொய்யனில்லை. அந்த டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சரியாப் போயிடுமா?"

"முழுசா போகாது. மாத்திரை தர்றேன், கொஞ்சம் அடக்கும். நாக்கு வறளும், பொறுத்துக்கணும்."

"நான் கத்தி பிடிக்கிறவன் டாக்டர். பிடிக்கலாமா?"

அவர் என் கையைத் திரும்ப ஒரு முறை பார்த்தார். "ஒரு நாள் வெளியிலயும் நடுக்கம் வரலாம். வந்தாலும், பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும். வேலைக்குத் தூக்கினா அடங்கும். வேலை செய்யற கை எப்ப ஆடுதோ, அப்ப யாரும் சொல்லாம நீங்களே கத்தியைக் கீழ வெச்சிடணும். எனக்கு வாக்குக் குடுக்கணும்" என்றார். கொடுத்தேன். அந்த வேளை இன்னும் வரவில்லை. இதை எழுதும்போதும் எழுத்து சிறுத்துக்கொண்டேதான் போகிறது, அச்சுக் கோக்கிறவர் என்னைத் திட்டட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். அங்கேதான் வினை. அவன் நல்லவன், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. டீக்கடையில் போய், எங்க மாமாவுக்கு வந்துகீறது சாதாரண வியாதி இல்ல, இங்கிலீஷ்காரன் பேர் வச்ச வியாதி என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி சந்து முழுக்கச் சுற்றி வந்து வேறாகிவிட்டது. எனக்குக் கை வெடவெடவென்று ஆடுகிறதாம். ஒருவன் காதைக் கொஞ்சம் சீவிவிட்டேனாம். கத்தியைப் பிடிக்கவே முடியவில்லையாம்.

மறுநாளிலிருந்து என் நாற்காலி காலி. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள், எல்லாரும் மச்சானுக்காக. "வாங்க, குந்துங்க" என்று நான் துணியை உதறினால், "இல்ல நைனா, அவசரமில்ல, நீ ரெஸ்ட் எடு" என்பார்கள். விஞ்சுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை மாதமாக இதே ஆட்டத்தோடுதானே இவர்கள் கழுத்தையெல்லாம் வழித்தேன்? ஒருவனுக்காவது ஒரு கீறல் விழுந்ததா? வியாதி இருந்தபோது பயப்படாதவர்கள் அதன் பெயரைக் கேட்டு ஓடினார்கள்! ஒரு நாள் பேப்பரைப் பிடுங்கிச் சந்தில் எறிந்துவிட்டு, "படிக்க வர்றவன் லைப்ரரிக்குப் போ!" என்று கத்தினேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தான்.

இந்த நிலையில்தான் குப்பத்துத் தலைவர் கடைக்கு வந்தார். கடலோரம் இருக்கும் அந்த மீன்பிடிக் குப்பத்துக்கு எங்கள் குடும்பம்தான் தலைமுறையாக நாவிதர். தலைவருடைய மகனுக்குக் கல்யாணம். கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளையைப் பந்தலில் மணையில் உட்காரவைத்து, ஊர் முன்னிலையில் சவரம் செய்வது அங்கே வழக்கம். முடிந்ததும் தாய்மாமன் புது வெள்ளைத் துணியால் மாப்பிள்ளை முகத்தைத் துடைத்து, துணியை விரித்துச் சபைக்குக் காட்டுவான். அதில் ஒரு பொட்டுச் சிவப்பு தெரிந்தால் போச்சு, கடல் அவனுக்கு ஆகாது என்று சொல்லி முகூர்த்தத்தையே தள்ளிப்போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளைச் சவரம் யார் செய்கிறானோ அவன்தான் அந்த ஊருக்கு நாவிதன். அது கைமாறினால் திரும்ப வராது.

தலைவர் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"மன்சுல வச்சிக்காத நைனா. இந்த தபா ஒம் மச்சான அனுப்பு. ஒனக்கு உடம்பு செரியில்லன்னு கேள்விப்பட்டேன்."

"உடம்பு செரியில்லதான். உள்ள நடுங்குது. கையில நடுக்கம் இல்ல." கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாத்துக்க."

"இப்ப இல்ல. பந்தல்ல வந்துச்சின்னா? ஊரே பாத்துகினு கீறப்ப ஒரு பொட்டு ரத்தம் வந்தா எம் புள்ள கல்யாணம் நின்னுபூடும். ஒன் ரோசத்துக்கு எம் புள்ளயா கெடச்சான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் மச்சான் பேசினான். வாடிக்கைக்காரனைப் பாதி நுரையில் விட்டுவிட்டுக் கத்தியை மடக்கி வைத்தான்.

"நான் வரமாட்டேன் தலைவரே. மாமா கீறப்ப அந்த மணையாண்ட நான் கத்தி எடுக்க மாட்டேன். நீங்க வேற ஊர்லேர்ந்து ஆள் இட்டாந்துக்கங்க."

அந்தப் பயலை அன்றைக்கு எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன். தலைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேற்றூர் நாவிதனைக் கொண்டுவந்தால் அதுவும் அவருக்கு இழுக்கு. கடைசியில், "ரெண்டு பேரும் வாங்க. பந்தல்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

கல்யாணத்தன்று காலை கடற்கரையில் கட்டுமரங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பந்தல் முழுக்க ஜனம். என் மனைவி பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் பயத்தைத் தேடினேன், இல்லை. எனக்கு இருந்த பயத்துக்குக் குறைவில்லை. விடிந்ததிலிருந்தே உள்ளே ஆட்டம் தாங்க முடியவில்லை. முதுகெலும்பிலிருந்து பல் வரைக்கும் ஓடியது. கவலைப்பட்டால் அது அதிகமாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், கவலைப்படாமல் இருக்க முடிகிறதா?

மாப்பிள்ளை மணையில் வந்து உட்கார்ந்தான். கறுத்து, அகலமான தோள். சின்ன வயதிலிருந்தே அலையோடு மல்லுக்கட்டியவன். நான் அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையைப் பிரித்தேன். நல்ல நேரம் வரட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கத்தியைத் துணிமேல் வைத்துவிட்டு, வலது கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போதுதான் அது வெளியே வந்தது. என் வலது கட்டை விரல், நான் சொல்லாமலே, ஆட்காட்டி விரலோடு உரசி உரசி ஆடத் தொடங்கியது. மாத்திரை உருட்டுகிற மாதிரி. இத்தனை நாள் ஒளிந்திருந்தது வெளியே வரத் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்! நானே வாயைப் பிளந்துகொண்டு என் விரலைப் பார்த்தேன். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை, "ஐயோ, கைய பாருங்கடி!" என்று கூவினாள். மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

தலைவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தோ ஆடுது! நான் சொல்லல? எய்ந்திரு நைனா. போதும். எய்ந்திரு!"

என் மச்சான் கண்ணில் தண்ணீரோடு நின்றான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், சத்தியமாக எழுந்திருக்கத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை என் முழங்காலை அழுத்திப் பிடித்து உட்காரவைத்தான்.

"நீ கத்திய எடு நைனா. எடுத்தப்புறமும் ஆடுதான்னு பாக்கலாம்."

"டேய், ஒனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் தலைவர்.

"நைனா, நீ தான என்ன மொதல்ல கட்டுமரத்துல ஏத்துன?" மாப்பிள்ளை அப்பனைப் பார்த்துச் சொன்னான். அந்த ஊரில் அப்பனும் நைனாதான். "கீழ மரம் ஆடிகினேதான் கீது. ஒரு நிமிசம் நிக்குதா? மேல நின்னு வலை வீசறவன் வீசலியா? ஆடாத மரம் வேணும்னா கரையிலதான் குந்தினு கீணும். இவுரு எடுக்கட்டும். ஆடுச்சின்னா நானே எய்ந்திருச்சிப் போறேன்."

நான் கத்தியை எடுத்தேன். எடுத்ததும் கட்டை விரல் அடங்கியது. டாக்டர் சொன்னபடியே, கழுத்தில் கயிறு போட்டு இழுத்த மாதிரி நின்றது. உள்ளே மட்டும் அதே ஓட்டம், அதே படபடப்பு. நான் அதனுடன் பேசினேன். ஓடு, எத்தனை வேகமாக வேண்டுமானாலும் ஓடு, என் கைக்கும் உனக்கும் இப்போது பேச்சில்லை என்று மனசுக்குள் சொன்னேன். கன்னத்தில் முதல் இழுப்பு இழுத்தேன். நுரை சுருண்டு வந்தது. தோல் மழுமழுவென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கூட்டம் மறந்துவிட்டது. வலது கன்னம், இடது கன்னம், மேலுதடு, தாடைக் குழி. அந்தப் பிள்ளைக்குத் தாடையில் ஒரு பழைய தழும்பு, தூண்டில் முள் கிழித்தது. அதைச் சுற்றிக் கத்தியைத் திருப்புவது சுலபமில்லை. திருப்பினேன். தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னேன். சாய்த்தான். தொண்டையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். அத்தனை பேர் ஓடிப்போன கத்திக்கு அவன் கழுத்தைக் கொடுத்தான். கீழிருந்து மேலாக வழித்து முடித்தேன்.

தாய்மாமன் வெள்ளைத் துணியால் முகத்தைத் துடைத்தான். அழுத்தித் துடைத்தான், வேண்டுமென்றே. துணியை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கி, நாலு பக்கமும் திரும்பிக் காட்டினான்.

பால் வெள்ளை. சோப்பு ஈரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மேளம் கொட்டிய வேகத்தில் பந்தல் கால்களே ஆடியிருக்கும். பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். என் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. மச்சான் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். நான் கத்தியைத் துடைத்துத் துணிமேல் வைத்தேன். வைத்ததும் கட்டை விரல் மறுபடி ஆட ஆரம்பித்தது. ஆடட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படி முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டேன்.

கூட்டம் சற்று அடங்கியபோது, மாப்பிள்ளை எழுந்த மணையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தால், தலைவர். மேல் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். என் விரலை ஒரு தரம் பார்த்தார், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். முகவாயை மேலே தூக்கினார்.

"உம். எனக்கும் செய்" என்றார்.

நுரை போட்டேன். கத்தியை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். என் கை அசையாமல் நின்றது. ஆனால் கத்திக்குக் கீழே அவர் தொண்டை முடிச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மணையைப் பிடித்திருந்த விரல்கள் வெடவெடத்தன. இடது கையால் அவர் முகவாயைப் பிடித்து நிறுத்தினேன்.

"தலைவரே," என்றேன், பந்தல் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி, "ஆடாம குந்துங்க."